பூனை இருக்கும் மாடி வீட்டுக்கு எந்த வலை? பால்கனித் தடுப்புகள் பற்றி ஒரு மதிப்பீடு

சென்னையில் பால்கனித் தடுப்பு போடும் கடைக்கு ஃபோன் செய்து "வீட்டில் பூனை இருக்கிறது" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். புறா வலை போதும் என்பார்கள், இல்லையென்றால் இன்விசிபிள் கிரில் (மெல்லிய ஸ்டீல் கம்பிகளை வரிசையாகக் கட்டும் தடுப்பு) போட்டுவிடுங்கள் என்பார்கள். இரண்டுமே பூனைக்காக வந்த பொருள்கள் அல்ல. புறா வலை வெளியே பறப்பதை உள்ளே விடாமல் நிறுத்துவதற்கு. இன்விசிபிள் கிரில் முதன்மையாகக் குழந்தைகளுக்கு. நான்கு கிலோ எடையோடு உள்ளேயிருந்து பாய்கிற, கடிக்கிற, ஏறுகிற, தலை போகும் வழியில் உடம்பையும் கொண்டுபோகிற ஒரு பிராணியை நிறுத்த இவை போதுமா என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொடுக்கும் பணத்துக்கு அதிகப் பாதுகாப்பு தருவது 25 அல்லது 30 மி.மீ. கண் (வலையின் ஓட்டை) உள்ள முடிச்சு நைலான் வலை. ஆனால் புறாவுக்கு மாட்டுவதுபோல அதை மாட்டக் கூடாது. இன்விசிபிள் கிரில் நாய் வளர்ப்பவர்களுக்கு நல்ல பொருள். வளர்ந்த பூனைக்கு அது மட்டும் போதாது, குட்டி இருக்கும் வீட்டில் ஆபத்து. ஜன்னலுக்குச் சட்டத்தில் அடித்த ஸ்டீல் மெஷ். வெல்க்ரோ கொசுவலையைத் தடுப்பு என்று நம்பவே கூடாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும்: எந்தப் பொருளாக இருந்தாலும் பூனை வலையின் நடுவைக் கிழித்துக்கொண்டு போவது அபூர்வம். ஓரத்தில்தான் போகும். கடைக்காரர் நடு வலையை இழுத்துக் காட்டுவார்; நீங்கள் ஓரத்தைப் பாருங்கள்.

"பூனைதானே, எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்" என்கிற நம்பிக்கையால்தான் பல வீடுகளில் இந்த வேலை தள்ளிப்போகிறது. விழும்போது உடம்பைத் திருப்பிக்கொள்ளும் அனிச்சை பூனைக்கு உண்டு. குட்டிக்கு மூன்று நான்கு வாரத்தில் தொடங்கி ஆறு ஏழு வாரத்தில் முழுதாக வந்துவிடும். ஆனால் காலில் இறங்குவது வேறு, அடிபடாமல் தப்புவது வேறு. கால்கள் மடங்கி மார்பும் தாடையும் தரையில் மோதும். மேலண்ணம் நடுவில் பிளக்கும், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும், கால் எலும்பு முறியும். நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைக் கணக்கெடுத்தார்கள். சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஏழு மாடிக்கு மேல் காயம் கூடவில்லை என்றும் அதில் வந்தது. இதை வைத்துத்தான் "உயரம் கூடினால் ஆபத்து குறைவு" என்ற பேச்சு பரவியது. ஆனால் விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அந்தக் கணக்கில் அவை இல்லை. குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 119 பூனைகளை வைத்து நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஏழாவது மாடியிலும் அதற்கு மேலும் இருந்து விழுந்தவற்றுக்குக் காயம் கடுமையாக, குறிப்பாக மார்பில், இருந்தது. பாதிக்கு மேற்பட்டவை ஒரு வயது நிரம்பாதவை. குட்டி வாங்கி வந்த முதல் வருடம்தான் அதிக கவனம் தேவைப்படும் காலம்.

பெரும்பாலான பூனைகள் வேண்டுமென்று குதிப்பதில்லை. புறாவையோ பூச்சியையோ பார்த்தபடி எம்பும்போது தவறுகின்றன, கைப்பிடிச் சுவரில் தூங்கிப் புரளும்போது தவறுகின்றன, அல்லது வழுக்குகின்றன. கிரானைட் பதித்த கைப்பிடியிலும் அலுமினிய, ஸ்டீல் குழாயிலும் நகம் பிடிக்காது. மழை ஈரம் இருந்தால் பாதமும் பிடிக்காது. தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடுவதும், கருத்தடை செய்யாத பூனை பருவத்தில் வெளியே போகத் துடிப்பதும் தனிக் கணக்கு.

இனி பொருள்களுக்கு வருவோம்.

நைலான் வலை வாங்கும்போது முதலில் கண் அளவு. "50 மி.மீ." என்று கடையில் சொன்னால் எதை எதோடு சேர்த்து அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளப்பது ஒரு முறை. கண்ணை இழுத்து நீட்டி எதிரெதிர் முடிச்சுகளை அளப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் 50 என்றால் உண்மையில் 25தான். புறா வலை என்று பொதுவாக விற்பது முடிச்சுக்கு முடிச்சு 50 மி.மீ. இரண்டு மாதக் குட்டியின் தலை அதில் போய்விடும். கையில் ஸ்கேல் இல்லாவிட்டால் ஒரு சின்ன எலுமிச்சம்பழம் போதும்: பழம் நுழைகிற எந்த இடைவெளியையும் குட்டி நுழைகிற இடைவெளியாகவே எண்ணிக்கொள்ளுங்கள். இது வலைக்கண்ணுக்கு மட்டுமல்ல, ஓரத்துக்கும், குழாய் போகும் சந்துக்கும் பொருந்தும்.

அடுத்தது நூல். நைலான் என்ற பெயரில் எச்.டி.பி.இ. என்ற வேறு பிளாஸ்டிக் வலையும் விற்கிறது. ஒரு துண்டு வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழ் போகும்படி விரலால் நன்றாக அமுக்கி விடுங்கள். எச்.டி.பி.இ. மேலே மிதக்கும், நைலான் அடியில் போய் உட்காரும். ஒரே தடிமனில் நைலான்தான் வலு. எச்.டி.பி.இ.க்கு மழையில் தொய்யாத நல்ல குணம் உண்டு. ஆனால் நூல் விறைப்பாக இருப்பதால் முடிச்சு நழுவும், கண்கள் ஒரு பக்கமாகப் பெரிதாகும். கண்ணுக்கே தெரியாது என்று சொல்லி விற்கும் மெல்லிய ஒற்றை இழை வலையைப் பூனை வீட்டில் போடாதீர்கள். ஒரு இரவு உட்கார்ந்து கடித்தால் அறுந்துவிடும், அறுந்த ஓட்டை தூரத்திலிருந்து தெரியவும் தெரியாது. கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், ஒரு மி.மீ.யை ஒட்டிய தடிமனில், முறுக்கிய இழை வலை நல்லது. முடிச்சு இறுகியிருக்கும் வலையில் ஒரு இழை அறுந்தால் ஓட்டை இரண்டு கண் அளவோடு நிற்கும்.

மாட்டும் முறையில்தான் பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போகின்றன. வழக்கமாக ஒரு அடிக்கு ஒரு ஹூக் அடித்து, வலையின் கடைசிக் கண்ணை நேராக ஹூக்கில் மாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு ஹூக்குக்கு நடுவில் அந்த ஓரம் தளர்ந்து நிற்கும். பூனை மூக்கை வைத்துத் தள்ளினாலே சுவருக்கும் வலைக்கும் நடுவில் வாய் திறக்கும். பூனைக்கு அரையடிக்கு ஒரு ஹூக் வேண்டும். அதோடு 3 அல்லது 4 மி.மீ. ஓரக்கயிறு ஒன்றை வலையின் கடைசி வரிசைக் கண்கள் ஒவ்வொன்றிலும் விட்டுவிடாமல் கோத்து, அந்தக் கயிற்றை ஹூக்கில் மாட்ட வேண்டும். கயிறு கோப்பதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் ஆட்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அளவுக் கணக்கு இப்படி: பத்தடி அகலம், ஒன்பதடி உயரப் பால்கனி என்றால் சுற்றளவு 38 அடி. அரையடிக்கு ஒன்று என்றால் 76 ஹூக். வலை பத்துக்கு ஒன்பது வாங்கினால் பற்றாது, 11-க்கு 10 வாங்குங்கள். இழுத்துப் பிடித்து மாட்டிய வலை ஹூக்கைப் பிடுங்கப் பார்க்கும். கையால் தள்ளினால் ஒரு சாண் போய்த் திரும்பும் அளவுக்கு இளக்கம் இருக்கட்டும்.

ஹூக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஹூக் பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கத்து உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு வலையின் நூலையும் அரிக்கும். சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் துளை போட விடாதீர்கள். புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் மிவான் முறையில் (அலுமினிய அச்சுக்குள்) வார்த்த கான்கிரீட் சுவர் இருக்கும். துளை போடச் சிரமம், போட்டபின் பிடி உறுதி. ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் அதற்கு நேர் எதிர்: துளைக்கும் கருவி வெண்ணெய்போல இறங்கும், சாதாரணப் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் குழல்) அதே சுலபத்தில் வெளியே வரும். அதற்கென்று விற்கும் நீளமான, அகல மரை உள்ள பிளக் கேளுங்கள். பூசிய சுவரில் பூச்சு முக்கால் அங்குலம் வரை இருக்கும். ஒரு அங்குலப் பிளக் பூச்சைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகும். 40 முதல் 50 மி.மீ. வரை ஆழம் வேண்டும். துளையிலிருந்து தூளை ஊதி எடுத்த பிறகே பிளக். சில கட்டடங்களின் மேல்தளம் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். உள்ளே இழுத்துக் கட்டிய கேபிள் ஓடும். கட்டட நிர்வாகத்திடம் கேட்காமல் அதில் துளை போடக் கூடாது. தரையில் ஹூக் அடிப்பதும் வேண்டாம், ஓடு பெயர்ந்து வாட்டர்ப்ரூஃபிங் கெட்டு, கீழ்வீட்டுச் சுவர் ஒழுகும். கீழ் ஓரத்தைக் கைப்பிடிக் கம்பியின் அடிக்குழாயிலோ ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஒட்டிய ஓட்டுப் பட்டைக்கு) மேலான சுவரிலோ கட்டுங்கள். கேபிள் டை போட்டுக் கட்டினால் கறுப்பு நிறம், அதுவும் வெயிலுக்கென்று தயாரித்தது. வெள்ளை டை ஒரு வெயில் காலத்திலேயே மொறுமொறுப்பாகி உடையும்.

வலை கைப்பிடிக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா? உள்பக்கம். வெளிப்பக்கம் போட்டால் பூனை கைப்பிடி மேலேயே நடந்து, விழும்போதெல்லாம் வலையில் விழுந்து, அந்த ஓரத்தை நாளுக்கு நாள் தளர்த்தும். உள்பக்கம் போட்டால் கைப்பிடிக்கே போகாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெளிப்பக்கம் வலை கட்ட ஒருவர் பத்தாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்க வேண்டும். இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் நிற்பவர்களைப் பார்க்கலாம். ஒரு பூனை விழாமலிருக்க ஒரு மனிதர் விழக்கூடிய வேலையைச் செய்யச் சொல்லக் கூடாது. உள்பக்கம்தான் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஜன்னல் போன்ற இடத்தில் தவிர்க்க முடியாவிட்டால் உடம்பு முழுக்கப் பூட்டும் பெல்ட்டும், அதைக் கட்ட உறுதியான இடமும் இல்லாமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

நைலான் வலையின் குறை வெயிலும் பல்லும். மேற்குப் பார்த்த பால்கனியில் சீக்கிரம் தளரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வெயில் அதிகம் படும் மேல் மூலையில் ஒரு நூலை இரண்டு நகங்களுக்கு நடுவில் உரசிப் பாருங்கள். தூளோ பஞ்சோ வந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அணில் இருக்கும் வளாகங்களில் வலையைக் கடித்து ஓட்டை போடும், அதுவும் மூலையில். வாரண்டி அட்டையில் கடிபட்டால் உண்டா என்று எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் இருக்காது.

இன்விசிபிள் கிரில். மேலும் கீழும் அலுமினிய சேனல், நடுவில் நைலான் உறை போட்ட 2 முதல் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வடங்கள் செங்குத்தாக. பார்வைக்கு அழகு, வெளிச்சம் குறையாது, கட்டடத்தின் முகப்பு கெடாது என்பதால் அசோசியேஷன்கள் சுலபமாக அனுமதிக்கும். சதுர அடிக்கு வலையைவிடப் பல மடங்கு விலை. ஒரு கம்பி இத்தனை நூறு கிலோ தாங்கும் என்று விளம்பரம் செய்வார்கள். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் பூனை விஷயத்தில் அது தேவையில்லாத கணக்கு. பூனை கம்பியை அறுக்கப் போவதில்லை, விலக்கப் போகிறது. ஒன்பதடி நீளக் கம்பியை நடுவில் பக்கவாட்டில் தள்ளினால் 2 அங்குல இடைவெளி 3 அங்குலமாகிவிடும். பூனையின் காறை எலும்பு தோளோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டதல்ல. தலை போனால் தோளைச் சுருக்கி உடம்பையும் இழுத்துக்கொள்ளும். 3 அங்குல, 4 அங்குல இடைவெளியில் போட்ட கிரில்லைப் பூனைத் தடுப்பு என்று சொல்வதே தவறு.

ஏற்கெனவே போட்டிருந்தால் எடுக்க வேண்டாம். தரையிலிருந்து நாலடி வரை உள்பக்கமாக 25 மி.மீ. வலையை ஒவ்வொரு கம்பியோடும் சேர்த்துக் கட்டிவிட்டு, அதற்கு மேல் இரண்டு அடிக்கு ஒரு குறுக்குக் கம்பியோ இடைவெளி காக்கும் கிளிப்போ போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நாற்காலி, வாஷிங் மெஷின், செடி ஸ்டாண்டு எதுவும் இருந்தால் நாலடி போதாது, முழு உயரமும் வலை வேண்டும். புதிதாகப் போடுவதாக இருந்தால் 2 அங்குலம் மட்டுமே. பத்தடி அகலத்துக்கு 3 அங்குலத்தில் சுமார் 40 கம்பி, 2 அங்குலத்தில் 60. விலை கூடுவது அதனால்தான்.

கம்பி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நிரூபிக்கக் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். அதைவிடக் குறைந்த 304 தரமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அது எதையும் நிரூபிக்காது. 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்புக்காற்றைத் தாங்குவது அதனால். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைத் திரவம் உண்டு. பெரிய ஆர்டர் என்றால் கேட்கலாம். துரு முதலில் வருவது உறை முடிகிற இடத்தில், கீழ்ச் சேனலுக்குள், மழைத் தண்ணீர் தேங்கும் இடத்தில். சேனலில் தண்ணீர் வெளியேறத் துளை இருக்கிறதா பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை கம்பிகளை முறுக்கேற்ற வேண்டும். அதற்கு வந்து செய்வார்களா, கட்டணம் எவ்வளவு என்பதை வாங்கும்போதே பேசிவிடுங்கள். தீ விபத்து நேர்ந்தால் வெளியேற, ஸ்டீல் கம்பி வெட்டும் கட்டர் ஒன்றைப் பால்கனிக் கதவருகே மாட்டி வையுங்கள்.

ஷிட்ஸு, பக், பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலும், கண்ணாடித் தடுப்பின் அடியில் தண்ணீர் போக விட்ட சந்திலும்தான் தவறுகின்றன. அவற்றுக்கு 2 அங்குல இன்விசிபிள் கிரில் முழுதாகப் போதும்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை. வெல்க்ரோவிலும் காந்தப் பட்டையிலும் ஒட்டும் வலை பூனை சாய்ந்தாலே சட்டத்தோடு கழன்று போகும். அது இருப்பதால் வீட்டார் நம்பி ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் கொடுமை. வலை இல்லாவிட்டால் மூடியாவது வைத்திருப்பார்கள். மடிப்பு மெஷ் நகம் பட்டால் கிழியும். யுபிவிசி ஜன்னலோடு வரும் மெஷ் கதவு பரவாயில்லை, ஆனால் இரண்டு இடத்தில் சரிசெய்ய வேண்டும். ஃபைபர் கிளாஸ் வலையை எடுத்துவிட்டு எஸ்.எஸ். 304 மெஷ் போடுங்கள். அதைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்திருக்கும் ரப்பர் கயிறு தடிமனாக, இறுக்கமாக இருக்க வேண்டும், தள்ளினால் பிதுங்கக் கூடாது. அடுத்து, மெஷ் கதவைத் தூக்கினால் தண்டவாளத்திலிருந்து கழன்றுவிடும். மேலே இடைவெளியை அடைக்கும் சிறு கட்டையும், பக்கத்தில் பூட்டும் வேண்டும். பூனை காலால் நகர்த்தித் திறக்கப் பழகிவிடும்.

வலை போட்டபின் மறந்துபோகும் இடங்கள்: குளியலறைக் கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, ஏசி அவுட்டோர் யூனிட் வைத்த திட்டு, யூட்டிலிட்டி பக்கத்து டக்ட் (குழாய்கள் மேலிருந்து கீழே போகும் சந்து). டக்டில் விழுந்த பூனையைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். இவற்றுக்கு அரையங்குலக் கண் ஸ்டீல் வெல்ட் மெஷ் துண்டுகளை ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு அடிப்பது போதும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். உள்ளங்கையை விரித்து ஓரம் முழுக்க, தரைப்பக்கமும் சேர்த்து, சாணுக்குச் சாண் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது எலுமிச்சம்பழம் நுழைந்தால் அங்கே இன்னொரு ஹூக். பிறகு 5 கிலோ அரிசிப் பையை வலையின் நடுக் கீழ்ப்பகுதியில் சாய்த்துவிட்டு ஹூக்குகளைப் பாருங்கள். ஏதேனும் அசைந்தால் பிளக் சரியாகப் பிடிக்கவில்லை. முதல் வாரம் பூனையைத் தனியாகப் பால்கனியில் விடாதீர்கள். எந்த மூலையைக் கடிக்கிறது, எங்கே ஏறுகிறது என்பதைப் பார்த்து அங்கே வலையை இரட்டிக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பூனை விழுந்துவிட்டால், நடந்து வந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தட்டையான பலகையிலோ விறைப்பாக இழுத்துப் பிடித்த டவலிலோ வைத்துத் தூக்குங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மார்புக்குள் காற்றுக் கசிவு இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ஆள் வந்து அளவெடுத்து வலை கட்டி முடிக்க ஒரு வாரம் ஆகலாம். அதுவரை பால்கனிக் கதவு மூடியே இருக்கட்டும். நகரும் ஜன்னலை மூன்று செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தண்டவாளத்தில் ஒரு மரத்துண்டை வெட்டி வையுங்கள்.